களிமண் தரையில் மேட்டுப்பாத்தி: கல் வரிசை, மண் கலவை, முதல் நடவு

ஏரிக்கரை_வீடு (கேள்வி)

வணக்கம். சென்னைக்குத் தெற்கே, முன்பு நெல் வயலாக இருந்த மனை. வீட்டுக்குப் பின்னால் கிழக்கு மேற்காக 20 அடி, தெற்கு வடக்காக 16 அடி காலியாகக் கிடக்கிறது. தெற்குப் பக்கம் 6 அடி காம்பவுண்டு சுவர். வடமேற்கு மூலையில் ஒரு தென்னை. மண் கறுத்த களிமண். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில் கால் வைத்தால் செருப்பு உள்ளேயே தங்கிவிடும்.

தரையிலேயே பாத்தி பிடித்தால் மழையில் வேர் அழுகும் என்பதால் இரண்டு மேட்டுப்பாத்தி கட்ட நினைக்கிறேன். இப்போது ஆவணி தொடக்கம். மழைக்கு முன் நட வேண்டும். கேள்விகள் இவை:

1. என்ன அளவு, எதைக் கொண்டு கட்டுவது? பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் நான்கு இருக்கிறது, அதைச் செங்குத்தாக நிறுத்திக்கொள்ளலாமா?
2. அடியில் தேங்காய் மட்டை, மரத்துண்டு போட்டு நிரப்பினால் மண் செலவு பாதி மிச்சம் என்கிறார்கள். சரியா?
3. மண் எவ்வளவு வாங்க வேண்டும், எதை எதோடு கலக்க வேண்டும்?
4. முதலில் எதை நடுவது?

கொல்லைப்புறம்

முதலில் ஆஸ்பெஸ்டாஸ் வேண்டவே வேண்டாம். சும்மா சாய்த்து வைத்திருக்கும்போது பெரிய ஆபத்தில்லை. அளவுக்கு வெட்டும்போதும் உடையும்போதும் பறக்கும் இழை நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. வருடம் முழுக்க மண்வெட்டி உரசிக்கொண்டே இருக்கும் இடத்தில் அதை வைப்பது நல்லதல்ல. சவுக்குக் கம்பு, பலகை எல்லாம் ஈர மண்ணில் ஓரிரு வருடத்தில் உளுத்துவிடும், கறையானும் வரும். உங்கள் பக்கம் சுலபமாகக் கிடைப்பது 4 அங்குல சாலிட் பிளாக் (16 × 8 × 4). கடப்பா கல் பலகை கிடைத்தாலும் நல்லது, ஆனால் அதை நெட்டுக்குத்தாக நிறுத்த ஒரு அடியாவது புதைக்க வேண்டும்.

கல் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. பாத்தி வரப்போகும் இடத்தில் ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வற்ற விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அடியில் வடிகால் இல்லை என்று அர்த்தம். அப்போது பாத்தியின் உயரம் மட்டும் காப்பாற்றாது. தண்ணீர் பக்கவாட்டில் வெளியேற வழி வைத்துத்தான் கட்ட வேண்டும். நீங்கள் சொல்லும் மண்ணுக்கு அப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன்.

இடம்: மார்கழியில் சென்னையில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். 6 அடி சுவரின் நிழல் அப்போது உச்சிவேளையிலேயே நாலரை அடி நீளம் விழும். அதனால் தெற்குச் சுவரிலிருந்து 5 அடி தள்ளுங்கள். தென்னையின் வேர்க்கூட்டம் மரத்தைச் சுற்றி 6 அடிக்குள்தான் அடர்த்தி. அதற்குள் பாத்தி வைத்தால் நீங்கள் போடும் எருவை ஒரே வருடத்தில் தென்னை கீழிருந்து மேலே வந்து சாப்பிட்டுவிடும். இரண்டு பாத்தியையும் கிழக்குப் பக்கம் ஒதுக்கி, நீளவாக்கில் தெற்கு வடக்காக வையுங்கள். நடுவில் 2 அடி நடைபாதை. அதற்குக் குறைந்தால் குந்தி உட்கார்ந்து களை எடுக்க முடியாது.

அளவு: இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் நடு வரை எட்ட வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். 4 அடிக்கு மேல் அகலம் போனால் ஒருநாள் இல்லை ஒருநாள் உள்ளே கால் வைப்பீர்கள், மண் இறுகிவிடும். கல் வெட்டாமல் வர வேண்டும் என்றால் நீளப் பக்கத்துக்கு 6 கல், அகலப் பக்கத்துக்கு 3 கல். காற்றாடி இறக்கை மாதிரி, ஒவ்வொரு பக்கத்தின் கடைசிக் கல்லும் அடுத்த பக்கத்தின் முதல் கல்லின் முகத்தில் முட்ட வேண்டும். அரை அங்குல இணைப்பு விட்டால் உள்ளளவு 7 அடி 11 அங்குலத்துக்கு 3 அடி 9½ அங்குலம் வரும், 30 சதுர அடி. ஒரு வரிசைக்கு 18 கல், இரண்டு வரிசைக்கு 36. இரண்டாவது வரிசையில் காற்றாடியை எதிர்ப்பக்கம் சுற்றுங்கள். மூலைகள் ஒன்றின்மேல் ஒன்று பூட்டிக்கொள்ளும், இணைப்புகளும் நேருக்கு நேர் வராது.

கட்டுவது: நூல் பிடித்து, உள் மூலைவிட்டம் இரண்டும் 8 அடி 9¼ அங்குலம் வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் சமமாக இல்லாமல் வேலை தொடங்க வேண்டாம். 6 அங்குல அகலம், 7 அங்குல ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, கீழே 3 அங்குலம் உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி போட்டு இடித்து, ரசமட்டம் பார்த்துக் கீழ்வரிசையை வையுங்கள். கல்லில் பாதி, அதாவது 4 அங்குலம், தரைக்குள் போக வேண்டும். ஈர மண்ணின் பக்கத் தள்ளல் சுவரைப் பிதுக்காமல் பிடிப்பது இந்தப் புதைவுதான். கல்லை வெறுமனே தரைமேல் அடுக்கினால் முதல் மழைக்கே வயிறு தள்ளும். இரண்டு வரிசைக்கும் நடுவிலும், மேல்வரிசை செங்குத்து இணைப்பிலும் 1:6 சிமென்ட் கலவை (சிமென்ட் ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு). ஒரு பாத்திக்கு 5 கிலோ சிமென்டே அதிகம்.

கவனிக்க வேண்டியது ஒன்று. கீழ்வரிசையின் செங்குத்து இணைப்புகளில் கலவை வைக்கவே கூடாது. அந்த அரை அங்குலச் சந்துதான் பாத்தியின் வடிகால். உள்பக்கம் ஒவ்வொரு சந்துக்கும் முன்னால் உள்ளங்கை அகலம் பச்சை நிழல்வலைத் துண்டை ஒட்டி, இரண்டு கை ஜல்லி போட்டுவிடுங்கள், மண் வெளியே வராது. வெளியே நான்கு பக்கமும் சிறு வாய்க்கால் எடுத்து, 8 அடிக்கு 1 அங்குலம் சரிவு வைத்துத் தெருப்பக்கமோ மழைநீர்க் குழிக்கோ விடுங்கள்.

ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி ஆற்றிய பிறகு மண் போடலாம். உள்பக்கம் பிளாஸ்டிக் தாள், தார்ப்பாய் விரிக்க யாராவது சொல்வார்கள். விரித்தால் அது பாத்தி இல்லை, தொட்டி.

நாற்றங்கால்

கட்டுமானத்தை அவர் சொல்லிவிட்டார். நான் மண்ணுக்கு வருகிறேன்.

உள்ளே இருக்கும் களிமண்ணை அப்படியே விட்டு மேலே புது மண்ணைக் கொட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. இறுகிய களி மேல் லேசான கலவை உட்கார்ந்தால் அந்த எல்லையில் தண்ணீர் தேங்கி நிற்கும். வேரும் அங்கே வந்து தட்டையாகத் திரும்பிக்கொள்ளும். சுவர் எழுப்பியதும் உள்தரையை 8 அங்குல ஆழத்துக்குக் கடப்பாரையாலோ முள்மண்வெட்டியாலோ நெம்பி உடையுங்கள். புரட்ட வேண்டாம், விரிசல் விட்டால் போதும். பதம் முக்கியம். ஒரு பிடி மண்ணை அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். புட்டுக்குப் பிசைந்த மாவு மாதிரி. அதைவிட ஈரத்தில் கொத்தினால் களி வழவழவென்று இழுபட்டு, காய்ந்ததும் செங்கல் ஆகிவிடும். உடைத்த தரைமேல் 2 அங்குலம் மக்கிய எரு பரப்பிக் கிளறிவிடுங்கள், பாத்திக்கு 5 கன அடி பிடிக்கும். மணல் போட்டு இளக்கலாம் என்று தோன்றும். களியில் கொஞ்சம் மணல் சேர்த்தால் இன்னும் கெட்டிப்படும், வேண்டாம்.

இனி மேல் கலவை. தரைக்கு மேல் கல் 12 அங்குலம், விளிம்பில் ஒரு அங்குலம் விட்டால் நிரப்ப வேண்டியது 11 அங்குலம். 30 சதுர அடிக்கு 27½ கன அடி. புதுக் கலவை முதல் இரண்டு மாதத்தில் நன்றாக அமுங்கும், ஆகவே 33 கன அடி கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திக்கு:

செம்மண் 17 கன அடி
நன்றாக மக்கிய தொழுவுரம் 10 கன அடி
கழுவிய தென்னை நார்க்கழிவு அல்லது உமி 6 கன அடி
வேப்பம்புண்ணாக்கு 1 கிலோ

ஒரு கன அடி என்பது 28 லிட்டர். 20 லிட்டர் பெயின்ட் வாளியால் ஒன்றரை வாளிக்குச் சற்றுக் குறைவு. செம்மண் யூனிட் கணக்கில் விற்பார்கள், ஒரு யூனிட் 100 கன அடி. இரண்டு பாத்திக்கும் உங்களுக்கு 34 கன அடிதான் வேண்டும், அரை யூனிட் சொல்லுங்கள். லாரிக்காரர் "செம்மண்தான் சார்" என்று சவுடு மண்ணை இறக்கிவிட்டுப் போவது உங்கள் பக்கம் சகஜம். இறக்கும் முன் ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் உட்கார்வது மணல், ஓரிரு மணி நேரத்தில் படிவது வண்டல், மறுநாளும் கலங்கலாக நிற்பது களி. முக்கால்வாசி மணலாகவே உட்கார்ந்தால் அது வீட்டு அஸ்திவாரத்துக்கு நிரப்பும் மண். அப்படியே செங்கல் துண்டு, டைல்ஸ் சில்லு, முக்கியமாகக் கோரைக் கிழங்கு இருக்கிறதா என்றும் கிளறிப் பாருங்கள். கறுத்த பாசிமணி போல நூலில் கோத்த மாதிரி வரும். ஒரு பிடி உள்ளே போனால் பிறகு அந்தப் பாத்தியோடு ஆயுளுக்கும் உறவு.

நார்க்கழிவு 5 கிலோ கட்டியாகக் கிடைக்கும், ஊறினால் 70 லிட்டர் அளவுக்கு உப்பும். பாத்திக்கு இரண்டரைக் கட்டி. ஊற வைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி மூன்று முறையாவது அலசுங்கள். அதில் உள்ள உப்பு நாற்றின் இலை ஓரத்தைக் கருக்கும்.

எரு விஷயத்தில் அவசரப்படக் கூடாது. மக்கிய எரு கையில் எடுத்தால் சாணியின் நாற்றம் இருக்காது, மழை பெய்த மண் வாசனை வரும், சூடு இருக்காது. அரைகுறையாக மக்கியதைப் போட்டால் அது உள்ளே வெந்து, மண்ணில் உள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். கூடவே C மாதிரி சுருண்ட கொழுத்த வெள்ளைப் புழுவும் வரும். எருக்குழியில் வளர்வது பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு, மக்கு தின்பது, வேரைக் குறிவைப்பதில்லை. ஆனால் வேர் தின்னும் வேர்ப்புழுவும் அதே தோற்றம்தான். எது என்று ஆராயாமல் எருவைச் சல்லடையில் போட்டு எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். கோழி இருந்தால் அதற்கு விருந்து.

எல்லாவற்றையும் வெளியே தார்ப்பாயில் கொட்டிக் கலந்து நிரப்புங்கள். அடுக்கடுக்காகப் போட்டால் கலக்காது. நிரப்பியதும் நன்றாக நனைத்து 15 முதல் 20 நாள் சும்மா விடுங்கள். வேப்பம்புண்ணாக்கு மட்கும்போது வரும் சூடு விதையையும் நாற்றையும் தாக்கும், அது தணியட்டும். அந்த நாட்களில் 5 கிலோ எருவில் 50 கிராம் டிரைக்கோடெர்மா (வேரழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சைத் தூள்) கலந்து, ஈரச்சாக்கு மூடி நிழலில் வைத்து, நடவுக்கு முதல் நாள் மேல்மண்ணில் கலந்துவிடுங்கள்.

தேங்காய் மட்டை, மரத்துண்டு: கூடாது. மட்டை தண்ணீரைப் பிடித்து வைக்கும் பஞ்சு. நீங்கள் தண்ணீரை வெளியேற்றத்தான் இவ்வளவு செலவு செய்கிறீர்கள்.

தெக்கத்தி_மண்வெட்டி

நாற்றங்கால் சொன்ன கடைசி வரியில மட்டும் எனக்கு ஒரு திருத்தம் இருக்கு. மட்டையே கூடாதுன்னு பொதுவா சொல்லாதீங்க. எங்க பக்கம் தேரி மண், செம்மண். தண்ணி விட்டா நிமிஷத்துல கீழ போயிரும். அங்க மட்டையோட குழிஞ்ச பக்கம் மேல பார்க்க அடுக்கி ஒரு அடி மண்ணு போட்டா கோடையில ரெண்டு நாளைக்கு ஒரு தண்ணி போதும். ஆனா அந்த மாதிரி இடத்துல மேட்டுப்பாத்தியே தேவையில்ல. தரையை விட நாலு விரக்கடை பள்ளமா பாத்தி எடுக்கணும். படத்தைப் பார்த்துட்டு எல்லாரும் மேடு கட்டுறாங்க. மழை அளவும் மண்ணும் பார்த்துத்தான் மேடா பள்ளமான்னு முடிவு பண்ணணும்.

இந்தக் கேள்விக்காரர் இடத்துக்கு மட்டை வேண்டாம்ங்கிறது சரிதான். மரத்துண்டும் வேண்டாம், கறையானைக் கூப்பிட்டு வச்ச மாதிரி. புல்லு வராம இருக்க அடியில அட்டைப்பெட்டி விரிக்கிறதும் அதே கதை. அருகம்புல், கோரை ரெண்டும் அட்டைக்கு அடங்காது.

இன்னொரு சல்லிசான வழி சொல்றேன். கிணத்துக்கும் கழிவுத் தொட்டிக்கும் இறக்குற சிமென்ட் உறை, 3 அடி விட்டம், ஒரு அடி உயரம். ஒண்ணு 7 சதுர அடி. கொத்தனார் கூலி கிடையாது, உருட்டிக்கிட்டு வந்து வச்சா பாத்தி. வடிய அடியில நாலு பக்கம் கல்லு வச்சு கால் அங்குலம் தூக்கி வைக்கணும். கத்தரி நாலு வைக்கலாம், கொடிக்காயும் வைக்கலாம்.

நடவுக்கு வர்றேன். ஐப்பசி, கார்த்திகை மழையில தக்காளி வைக்காதீங்க. இலைக்கருகல் வந்து, காய் வெடிச்சு, கடைசியில வெறும் குச்சி நிக்கும். கீரையும் மழைத்துளி அடிச்சே மண்ணுல படுத்துரும். இப்ப கத்தரி, மிளகாய், வெண்டை. முள்ளங்கி, கீரை, தக்காளி எல்லாம் கார்த்திகை கடைசியில நாத்து விட்டு மார்கழியில இறக்குங்க.

கத்தரி நாத்து 30 நாள், மிளகாய் 40 நாள் வயசு ஆகணும். பாத்தி கட்டி முடிச்சு மண்ணு ஆற எப்படியும் நாலு வாரம் ஓடிரும். அதனால இன்னைக்கே குழித்தட்டுல விதை போடுங்க, கல்லு வாங்குறதுக்கு முன்னாடி.

நாற்றங்கால்

தேரி மண்ணில் மட்டை, பள்ளப் பாத்தி பற்றி அவர் சொன்னது சரி, நான் அவசரத்தில் பொதுவாகச் சொல்லிவிட்டேன்.

இடைவெளி: கத்தரி 2 வரிசை, வரிசைக்கு 4, செடிக்குச் செடி 2 அடி, ஆக 8 செடி. மிளகாய், பிறகு தக்காளி இரண்டும் வரிசைக்கு 5, ஒன்றரை அடி தூரம், இரண்டு வரிசையும் எதிரெதிரே வராமல் மாற்றி மாற்றி. வெண்டை 3 வரிசை, ஒரு அடிக்கு ஒன்று, குழிக்கு இரண்டு விதை போட்டு நல்லதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும். விளிம்பிலிருந்து 8 அங்குலமாவது உள்ளே நடுங்கள். மேற்குப் பக்கக் கல் சித்திரை வெயிலில் தோசைக்கல் ஆகும்.

கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பம். இந்தப் பருவம் முதல் பாத்தியில் கத்தரி என்றால் அடுத்த பருவம் அங்கே தக்காளி கூடாது. கொத்தவரையோ தட்டைப்பயறோ போட்டுப் பிறகு கீரை. வாடலும் வேர்முடிச்சு நூற்புழுவும் மண்ணில் தங்கிப் பெருகுவது பெரும்பாலும் இந்த ஒரே குடும்பத் தொடர்ச்சியால். வெண்டைக்கும் நூற்புழு பிடிக்கும், அதனால் கத்தரிக்குப் பின் வெண்டையும் சிலாக்கியமில்லை.

தண்ணீர்: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. தண்ணீர் என்றால் 1 லிட்டர். உங்கள் பாத்தி 2.8 சதுர மீட்டர். வெயில் நாளில் 5 மி.மீ. என்று வைத்தால் 14 லிட்டர், ஒரு குடம். சித்திரையில் 20 லிட்டர் வரை போகும். மேட்டுப்பாத்தி நான்கு பக்கமும் காற்று படுவதால் தரையை விடச் சீக்கிரம் காயும். 2 அங்குலத்துக்குக் காய்ந்த சருகு மூடாக்கு போடுங்கள், தண்டைத் தொடாமல் மூன்று விரல் தள்ளி.

மாடித்_திண்ணை

இடையில் ஒரு கேள்வி. இதே அளவை மொட்டை மாடியில் கட்டலாமா?

கொல்லைப்புறம்

கூடாது. ஒரு அடி ஈர மண் சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல். நடமாடும் மொட்டை மாடிக்கு நம் நாட்டு கட்டுமான விதி வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. நனைந்த பாத்தி ஒன்று 1.3 டன் இருக்கும். மாடிக்குப் பையும் நார்க்கழிவும்தான். தனிக் கேள்வியாகப் போடுங்கள், இது களிமண் தரைக்கானது.

ஏரிக்கரை_வீடு

எல்லாருக்கும் நன்றி. குழிச் சோதனையில் ஒரு மணி நேரத்தில் கால் அங்குலம்தான் இறங்கியது. நீங்கள் சொன்னபடியே இரண்டு பாத்தியும் கட்டி, மண் நிரப்பி, 20 நாள் விட்டு, முதல் பாத்தியில் கத்தரி 8, இரண்டாவதில் மிளகாய் 10 வைத்தாயிற்று. நட்டு ஐந்து வாரம். இப்போது ஐப்பசி மழை நான்கு நாளாக விடாமல் பெய்கிறது.

இரண்டு சிக்கல். மண் 3 அங்குலம் இறங்கிவிட்டது. கத்தரிப் பாத்தி நன்றாக இருக்கிறது. மிளகாய் மட்டும் மஞ்சளித்து, மழை விட்டு வெயில் வந்தால் தொங்குகிறது, சாயங்காலமும் நிமிர்வதில்லை. மண் நனைந்துதான் இருக்கிறது. உரம் போதவில்லையா? புண்ணாக்குக் கரைசல் ஊற்றலாமா?

நாற்றங்கால்

எதையும் ஊற்றாதீர்கள், முதலில் பாருங்கள். மஞ்சள் எங்கே தொடங்கியது? அடி இலையில் தொடங்கி ஒரே சீராக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு. நுனிக் கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்றால் இரும்புச்சத்து எடுக்க முடியவில்லை, சுண்ணாம்பு அதிகமான மண்ணில் வரும். செடி மொத்தமும் வெளிறி, ஈர மண்ணில் நின்றுகொண்டே தொங்குகிறது என்றால் வேருக்கு மூச்சு இல்லை. உங்களுடையது மூன்றாவது மாதிரி தெரிகிறது.

மோசமாக இருக்கும் ஒரு செடிக்குப் பக்கத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் கை விட்டு மண் எடுத்து முகர்ந்து பாருங்கள். வேரில் ஒரு நுனியை நகத்தால் சுரண்டுங்கள். வெள்ளையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி மேல்தோல் உறை மாதிரி கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அழுகல்.

மண் இறங்கியது இயல்பு. தண்டைச் சுற்றி மண் ஏற்றி நிரப்ப வேண்டாம், நடவு ஆழம் கூடினால் கழுத்து அழுகும். இந்தப் பயிர் முடிந்ததும் அடுத்த நடவுக்கு முன் 2 அங்குலம் எருவும் ஒரு அங்குலம் செம்மண்ணும் சேர்த்தால் போதும்.

கொல்லைப்புறம்

கலவையும் தண்ணீரும் இரண்டுக்கும் ஒன்றேதான், மிளகாய் மட்டும் தொங்குகிறது. மிளகாய் நீர்த்தேக்கத்தைக் கத்தரி அளவுக்குத் தாங்காது, அது ஒன்று. ஆனால் அந்தப் பாத்திச் சுவரின் வெளிப்பக்கம் போய்க் கீழ்வரிசைச் சந்துகளைப் பாருங்கள். கத்தரிப் பாத்தியில் சந்து கறுப்புக் கோடாகத் தெரிகிறதா, ஈரம் கசிகிறதா? மிளகாய்ப் பாத்தியில்?

ஏரிக்கரை_வீடு

மண் முகர்ந்தேன், அழுகின முட்டை நாற்றம். வேர் நுனி பழுப்பு, நடு வேர் இன்னும் வெள்ளை.

சந்து பார்த்தேன். கத்தரிப் பாத்தி நான் நின்று கட்ட வைத்தது, எல்லாச் சந்தும் திறந்திருக்கிறது. மிளகாய்ப் பாத்தி நான் இல்லாத நாளில் கொத்தனார் முடித்தது. கீழ்வரிசை இணைப்பு பதினெட்டையும் கலவை வைத்து அடைத்து, கரண்டியால் அழகாகப் பாயிண்டிங் வேறு பண்ணியிருக்கிறார்.

கொல்லைப்புறம்

அவரைக் குறை சொல்ல முடியாது, சந்து விட்டுக் கட்டினால் அவர் தொழிலில் அது கோளாறு. சொல்லி, சாக்பீஸில் குறி போட்டுக் காட்ட வேண்டும்.

சுவரை உடைக்க வேண்டாம். 8 மி.மீ. கல் துளைக்கும் பிட் போட்ட டிரில்லால் இணைப்பில் தரைக்கு ஒரு விரல் மேலே துளை போட்டு, அதே துளையை மேலும் கீழும் இரண்டு மூன்று முறை தட்டி நீளமாக்குங்கள். ஈரத்தில் டிரில் பிடிக்கிறீர்கள், ரப்பர் செருப்பு போட்டு, மழை நின்றபின். டிரில் இல்லையென்றால் பழைய உளியும் சுத்தியலும் போதும், 1:6 கலவை இரண்டு மாதத்தில் ஒன்றும் பாறையாகிவிடாது. சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முதலில் நான்கு இணைப்பைத் திறங்கள். துளைக்குள் ஒரு கம்பியை உள்பக்க ஜல்லி தட்டுப்படும் வரை செலுத்தி அசைத்து எடுங்கள். கறுத்த தண்ணீர் வரும்.

தெக்கத்தி_மண்வெட்டி

தண்ணி வடிஞ்சதும் மூடாக்கை ஒதுக்கி வச்சு மண்ணுக்குக் காத்து காட்டுங்க. செடிக்குச் செடி நடுவுல ஒரு கம்பியால அரை அடி ஆழம் குத்தி நெம்பாம எடுங்க, நாலஞ்சு இடம். மூணு நாளைக்கு மேல மண்ணு புட்டுப் பதத்துக்கு வந்தப்புறம் லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (அழுகலைத் தடுக்குற நல்ல பாக்டீரியா தூள்) கரைச்சு செடிக்கு அரை லிட்டர் வேர்ல ஊத்துங்க. தழைச்சத்து இலை வழியா குடுங்க, மீன் அமிலம் (மீனும் வெல்லமும் ஊற வச்ச கரைசல்) லிட்டருக்கு 5 மில்லி, சாயங்காலமா தெளிங்க. வேர் எடுக்காத நேரத்துல கீழ உரம் ஊத்துனா இன்னும் அழுகும். கீழ்ப்பகுதி கறுத்து தண்டு மெத்துன்னு ஆன செடியைப் பிடுங்கி வெளிய போட்டுருங்க, அது பிழைக்காது. அந்த இடத்துல வேற மிளகாய் வைக்காம விடுங்க.

ஏரிக்கரை_வீடு

நேற்று மதியம் ஆறு இணைப்பு திறந்தேன். தெற்குப் பக்கம் இரண்டாவது சந்தில் கம்பியை இழுத்ததும் கறுப்பாக, டீ டிகாஷன் நிறத்தில் முக்கால் மணி நேரம் ஓடியது. மற்றவை சொட்டுச் சொட்டாக. இன்று காலை ஒரு சாண் ஆழத்தில் நாற்றம் பாதியாகக் குறைந்திருக்கிறது. இரண்டு செடியின் கழுத்து மெத்தென்று இருந்தது, எடுத்துவிட்டேன். மீதி எட்டில் ஐந்து சாயங்காலம் நிமிர்ந்து நிற்கிறது. மற்ற பன்னிரண்டு இணைப்பையும் மழை விட்டதும் திறந்துவிடுகிறேன்.